தவளை வாய் மூடிய திருநாள்

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனது ஒரே ஒரு முறை. அதுவும் எங்கள் ஆடு உள்ளே ஓடிவிட்டது என்பதால். ஆட்டின் காதைப் பிடித்து வெளியே இழுத்து வரும்போது, அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த உபதேசியார், "ரெண்டுல எது படிக்க வந்துது?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆடும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அப்படிப்பட்டவன் ஆண்டவருடைய மகிமையைப் பற்றிச் சொல்ல வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த மகிமையை இடுப்பளவுத் தண்ணீரில், தவளைகளுக்கு நடுவே குந்தியபடி பார்த்தவன் நான். படித்தவர்கள் யாரும் அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்று எங்கள் ஊரை ஒட்டிப் போகும். அதற்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி. மாட்டுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் மேய ஆரம்பித்து அந்தப் பக்கம் போய் அசைபோடும். ஊர்க்கோடியில் வயலுக்கு நடுவே ஓடு வேய்ந்த சின்ன மாதா கோயில். தென்பக்கத்துச் சன்னலைத் திறந்தால் குளம். அந்தக் கோயிலில் மணி அடிப்பதும், வௌவால் புழுக்கை பெருக்குவதும் என் உத்தியோகம். மணியை நான் அடித்தால் ஊரார் பூசை என்று நினைப்பதில்லை. கயிறு அறுந்து விழுந்துவிட்டான் போல என்று நினைப்பார்கள்.

பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். வெண்தாடி, தொப்பி, முழங்கால்வரை சேறு. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வருவார், ஆனால் நேரத்துக்கு வந்து சேரமாட்டார். வழியில் ஒரு பொன்வண்டு போதும், வண்டி நின்றுவிடும். "பார்த்தாயா, சர்வேசுரனுடைய கைவேலையை!" என்று வண்டிக்காரனிடம் காட்டுவார். ஒருமுறை சாணி உருட்டிக்கொண்டு போன வண்டின் பின்னாலேயே குனிந்து போய்விட்டார். நாங்கள் இங்கே செபமாலையை முழுசாகச் சொல்லி முடித்து, வேறு வழியில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். வந்து சேர்ந்ததும் அந்த வண்டைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். சாணியில் கூட ஆண்டவரைக் கண்டுபிடிக்கிற மனுஷன் என்பதால்தான் என்னிடமும் மணிக்கயிற்றைக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊரில் யாரும் என்னை நம்பி ஒரு துடைப்பம் கூடக் கொடுத்ததில்லை.

உபதேசியார் வேறு மாதிரி. வண்டு, பூச்சி எதுவும் அவர் கணக்கில் வராது. ஞானோபதேசக் கேள்வி பதில் மனப்பாடமாக வர வேண்டும், சட்டைப் பொத்தான் வரிசையாக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. போன வருஷம் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் எங்கள் கோயிலுக்கு வந்தபோது நல்ல மழைக்காலம். "உன்னைப் படைத்தவர் யார்?" என்று மேற்றிராணியார் பிள்ளைகளைக் கேட்டார். மாதக்கணக்கில் தயார் செய்த பிள்ளைகள் தொண்டை கிழியப் பதில் சொன்னார்கள். ஆனால் குளத்துத் தவளைகள் அதைவிட உரக்கச் சொல்லிவிட்டன. காது கொஞ்சம் மந்தமான மேற்றிராணியாருக்குத் தவளை மட்டும்தான் கேட்டது. "பாவம், சின்னப் பிள்ளைகள், அடுத்த வருஷம் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உபதேசியாருக்குத் தவளை என்றாலே சாத்தான்.

இந்த உபதேசியாருடைய மகளைத்தான் எனக்குக் கேட்டு என் அண்ணன் போயிருந்தார். உபதேசியார் அண்ணனைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார். நேராகக் குளத்தங்கரைக்கு வந்தார். நான் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், கிறிஸ்து அரசர் திருநாளுக்கு மேற்றிராணியார் வராரு."

"தெரியுங்க ஐயா."

"அன்னிக்கு சாயங்காலம் ஆசீர்வாதம் முடியற வரைக்கும் இந்தக் கொளத்துல ஒரு தவள வாயத் தொறக்கக் கூடாது. தொறக்கலன்னா எம் பொண்ணு உனுக்கு. ஒண்ணு தொறந்தாலும் எங்க வூட்டுப் பக்கம் நீ தல வெச்சிகூடப் படுக்கக் கூடாது."

"ஐயா, நான் சொன்னா தவள கேக்குமா?"

"நீ அடிக்கிற மணியக் கேட்டு ஜனங்களே வரமாட்டேங்குது. தவள கேக்குமான்னு நீதான் பாத்துக்கணும்."

அவர் போன பிறகு மகள் வந்தாள், பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவ. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

"இன்னா, தவளைங்களுக்கு ஞானோபதேசம் ஆரம்பிச்சாச்சா?"

"உங்க அப்பாரு குடுத்த வேல."

"எங்கப்பாவுக்கு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல வாய் வரல. அதான் தவளய நடுவுல வுட்டுட்டாரு. அதுகூடப் புரியலியா உனுக்கு?"

"புரியுது. ஆனா தவளைங்க ஒத்துகிச்சின்னா?"

அவள் சாடியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். "தவளைங்க ஒத்துகிட்டா நான் மட்டும் இன்னா சொல்லிடப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இல்லை, எப்போதும் இல்லாத புத்தியும் கொஞ்சம் குறைந்தது.

திருநாளுக்கு முந்தின ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் குளம் முழுக்க மஞ்சள். கோடை முழுக்க மண்ணுக்குள் செத்த கணக்காகக் கிடந்த தவளைகள், ஒரே மழையில் எழுந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு, தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பையை ஊதிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைகளாக மிதந்தன. இந்தக் குளத்தில் மாப்பிள்ளை கோலம் கட்டாதவன் நான் ஒருவன்தான். போட்ட சத்தத்தில் கோயில் ஓடு அதிர்ந்தது. கரையில் நின்று "உஸ்ஸ்" என்றேன். என்னைக் கேள்வி கேட்பதுபோல இன்னும் பெரிதாகக் கத்தின.

கரும்பு வண்டி ஓட்டுகிற என் தோழன் ஒருவன் இருந்தான், மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்களைப் போல வேதக்காரன் இல்லை, பக்கத்துத் தெரு. அவனிடம் ஓடினேன்.

"மச்சான், எல்லாத்தையும் புடிச்சி வாய்க்காலுக்கு அந்தாண்ட கொண்டு போய் வுட்டுடலாம்."

"அந்தாண்ட இங்கிலீஷ்காரன் எடம்டா."

"அதான். அங்க போய் எவ்ளோ வேணா கத்தட்டும். நம்ம மேற்றிராணியாருக்கு அந்த எடத்துல அதிகாரம் இல்ல."

இது எனக்கு மிகவும் சரியான யோசனையாகப் பட்டது. இன்றைக்கும் அதில் என்ன தப்பு என்று முழுசாகப் புரியவில்லை.

குளத்தில் இறங்கினோம். தவளையைப் பிடிப்பது சுலபம். பிடித்ததை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். கோணியின் வாயைத் திறந்து ஒன்றை உள்ளே விட்டால் இரண்டு வெளியே வரும். ஒன்று என் சட்டைக்குள் புகுந்து முதுகு வழியாக ஏறிக் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது. கோயிலுக்குப் போன பெண்கள் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வேகமாகப் போனார்கள். ஒரு வழியாக இரண்டு கோணி நிறைந்ததும் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வண்டியில் ஏற்றினோம்.

எல்லையில் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. கீற்றுக் கொட்டகை, ஒரு மூங்கில் தடுப்பு, அதற்குப் பின்னால் பெரிய மீசையோடு ஒரு சாவடிக்காரர். நம் பக்கம் சரக்கு மலிவு என்பதால், அந்தப் பக்கம் திருட்டுத்தனமாகக் கொண்டு போகிறவர்கள் அதிகம். அதனால் அவர் தன் பெண்டாட்டியையே சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்று சொல்வார்கள்.

"கோணியில இன்னா?"

"தவளைங்க."

"தவளையா? எதுக்கு?"

"வுட்டுட்டுப் போலாம்னுதான்."

"எங்க?"

"உங்க பக்கம்."

"ஏன், உங்க பக்கம் தவளைக்கு எடம் இல்லியா?"

"இன்னிக்கு மட்டும் இல்லீங்க. மேற்றிராணியார் வராரு."

அவர் என்னையும் கோணியையும் மாறி மாறிப் பார்த்தார். கோணி மூச்சுவிட்டது.

"போன வாரம் ஒருத்தன் பூசணிக்காயக் கொடஞ்சி உள்ள சாராயம் ஊத்திக் கொண்டாந்தான். அவனும் உன்ன மாதிரியேதான் முழிச்சான். தவள வயித்துல இன்னா வெச்சிருக்கே?"

"அதுங்க தின்ன பூச்சிதாங்க இருக்கும்."

"ஜரிகையா? தங்கமா?"

"சாமி சத்தியமா பூச்சிங்க."

"அவுறு."

"அய்யா, வேணாங்க."

"பாத்தியா, பயப்படறான். அவுறுன்றேன்!"

அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஒழுங்காக நடக்கவில்லை. இரண்டு கோணித் தவளைகளும் ஒரே மூச்சில் சாவடிக்குள் பாய்ந்தன. ஒன்று அவர் தொப்பியில், ஒன்று உலை கொதிக்காத சோற்றுப் பானையில், ஒன்று அவர் அண்ணாந்து கத்தத் திறந்த வாய்க்கு மிக அருகில். அவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். நாற்காலியின் கீழே தவளைகள் கூட்டம் கூடி நிமிர்ந்து பார்த்தன, பிரசங்கம் கேட்க வந்தவை போல.

"எல்லாத்தையும் பொறுக்கு! ஒண்ணு வுடாத! பிரெஞ்சுத் தவள ஒண்ணுகூட எங்க எல்லையில இருக்கக் கூடாது!"

"அய்யா, இந்த வாய்க்கால்ல உங்க தவளையும் கீதே. எது எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"அது உன் வேல! பொறுக்குடா!"

பொறுக்கினோம். கண்ணில் பட்டது எல்லாவற்றையும் பொறுக்கினோம். திரும்பி வரும்போது கோணிகள் முன்னைவிடக் கனமாக இருந்தன. மச்சான் வழியெல்லாம் சிரித்தான். "போனது வெரட்டறதுக்கு. வந்தது ஒறவு சேத்துகினு" என்றான். வேறு போக்கிடம் இல்லாமல் எல்லாவற்றையும் குளத்திலேயே கொட்டினோம். அங்கே பாக்கி இருந்தவை இவற்றைப் பார்த்ததும் போட்ட வரவேற்பு இருக்கிறதே, கல்யாண வீட்டில் சம்பந்தி வண்டி வந்து நின்றால்கூட அப்படி இருக்காது.

கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சான் வெற்றிலை போட்டபடி எழுந்து தண்ணீரோரமாக நடந்தான். அவன் நடந்த பக்கம் தவளைகள் சட்டென்று அடங்கின. தாண்டிப் போனதும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தன.

"டேய், ஆள் நடந்தா வாய மூடுதுடா."

"அப்போ நடந்துகினே இருந்தா?"

"மூடிகினே இருக்கும்."

இப்படியாகத்தான் அன்று சாயங்காலம், ஊரே புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குள் மண்டியிட்டிருந்தபோது, நானும் ஒரு கரும்பு வண்டிக்காரனும் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அவன் ஒரு கரை, நான் எதிர்க்கரை. செக்கு மாட்டுக்காவது பிண்ணாக்கு கிடைக்கும் என்ற நினைப்பு இருக்கும். மேற்றிராணியாரின் மோட்டார் சேற்றில் நின்றுவிட்டதால் குடை பிடித்து நடந்தே வந்திருந்தார். வெளியே ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் ஞானோபதேசப் பதில்களைக் கணீர் கணீர் என்று சொன்னது குளத்துக்குக் கேட்டது. உபதேசியார் ஒருமுறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தது அதுதான் முதல் தடவை. என் கால்கள் தரையில் பட்டதாக நினைவில்லை. மனசுக்குள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிவிட்டேன்.

அப்போது சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்தார்.

"பிரியமானவர்களே, இன்று பிரசங்கம் செய்யப் போவது நான் அல்ல" என்றார். உள்ளே எல்லோரும் மேற்றிராணியாரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "கோடை முழுவதும் மண்ணுக்குள் கல்லறையில் கிடந்ததுபோல் கிடந்து, ஒரு மழைக்கு உயிர்த்தெழுந்து, எழுந்த முதல் காரியமாகத் தங்களைப் படைத்தவரைப் பாடுகிற ஒரு சபை இந்தக் கோயிலுக்கு வெளியே இருக்கிறது. உயிர்ப்பைப் பற்றி என் வாயால் சொல்வதைவிட அவற்றின் வாயால் கேளுங்கள். ஒரு வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தேன்."

தென்பக்கத்துச் சன்னல் திறந்தது.

"கேளுங்கள்!"

ஒரு சத்தமும் இல்லை.

நான் நடந்த கால் அப்படியே நின்றது. மச்சான் எதிர்க்கரையில் நின்றான். நாங்கள் நின்றுவிட்டோம் என்று தவளைகளுக்குத் தெரிய வேண்டாமா? அவை எங்கள் அடுத்த அடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தன.

"கேளுங்கள்" என்றார் சாமியார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக. சன்னல் கட்டையில் அவருடைய கை தெரிந்தது. வண்டுக்குக்கூட வழிவிட்டு நிற்கிற கை. அது கட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது, தவளைகளை எங்கே வைத்தோம் என்று தேடுவதுபோல. உள்ளே யாரோ இருமினார்கள். மேற்றிராணியார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தது சன்னல் வழியாகத் தெரிந்தது.

எனக்கு முன்னால் இரண்டு வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் எனக்கு. நாளைக்கே பாக்கு வெற்றிலை. ஆனால் ஆண்டவருடைய மகிமையைக் காட்டுகிறேன் என்று சன்னலைத் திறந்த மனுஷர், பேச்சுமூச்சில்லாத குளத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் குளத்தை ஊமையாக்கியது நான். அப்படி ஆனதுக்கு அப்புறம் எந்த மூஞ்சியோடு மணிக்கயிற்றைத் தொடுவது?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று நுணலெல்லாம் பத்திரமாக வாயை மூடிக்கொண்டிருந்தது. கெடப் போனவன் நான்தான். தண்ணீரில் இறங்கி, அல்லிச் செடி மறைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாடையை உப்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினேன்.

எதிர்க்கரையில் மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நான் மறுபடி கத்தினேன். மூன்றாவது கத்துக்கு, என் காலடியில் ஒரு பெரிய மஞ்சள் தவளை, "இதென்ன அபஸ்வரம்" என்பதுபோல் ஒன்று விட்டது. அதற்கு மூலையில் இருந்து ஒன்று பதில் சொன்னது. பிறகு இன்னொன்று. பிறகு இந்தச் சீமை, அந்தச் சீமை என்று பார்க்காமல் எல்லாத் தவளைகளும் ஒரே குரலில் எழுந்தன. குளத்துத் தண்ணீர் நடுங்கியது. இடுப்பு வரை ஈரம், கழுத்து வரை பயம். ஆனாலும் என் காதுக்குள் அந்தச் சத்தம் வந்து நிறைந்தபோது, நான் ஒன்றும் செய்யவில்லை, இதெல்லாம் எனக்கு முன்னாலேயே வேறு ஒருவர் செய்து வைத்த ஏற்பாடு என்று தோன்றியது. அவர் பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்ததை நான் கோணியில் கட்டிக்கொண்டு போய் எல்லையில் தொலைக்கப் பார்த்திருக்கிறேன். மூங்கில் தடுப்பு வைத்த இரண்டு ராஜாங்கத்துக்கும் அது அடங்கவில்லை. எனக்கா அடங்கப் போகிறது?

"கேட்டீர்களா!" என்று சாமியார் குரல் தழுதழுத்தது. "முதலில் பாடினது வயதான தவளை. குரல் கர்ணகொடூரம். ஆனால் அதைத்தான் ஆண்டவர் முதலில் எழுப்பினார்!"

உள்ளே ஒரு பெண் குரல் அடக்க முடியாமல் சிரித்தது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு என் குரல் தெரியும்.

ஆசீர்வாதம் முடிந்ததும் முதலில் வெளியே வந்தவர் உபதேசியார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாடா சொன்னேன் உன்கிட்ட? ஒரு தவள கூடாதுன்னேனே! நீயே தவளையாயிட்டியே, படுபாவி! எம் பொண்ண—"

அதற்குள் அவருக்குப் பின்னால் குடை ஒன்று வந்து நின்றது. மேற்றிராணியார். கூடவே சாமியார், கண்ணைத் துடைத்தபடி.

"உபதேசியாரே, பிள்ளைகளுடைய பதில்கள் அருமை" என்றார் மேற்றிராணியார். உபதேசியாரின் பொத்தான்கள் எல்லாம் நிமிர்ந்தன. "அதைவிட ஆச்சரியம், உங்கள் தவளைகள். பிள்ளைகள் பேசும்போது மௌனம், சாமியார் கேட்டபோது பாட்டு. இதை யார் ஏற்பாடு செய்தது?"

உபதேசியார் என்னைப் பார்த்தார். மேற்றிராணியாரைப் பார்த்தார். அந்த மனுஷருக்குள் கோபமும் பெருமையும் மல்லுக்கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பாராட்டு, போன வருஷத்து அவமானத்தைத் துடைக்க ஆண்டவர் அவர் கையில் கொடுத்த துணி; அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"எங்க வூட்டு ஏற்பாடுதாங்க" என்றார். பிறகு, அது போதாது என்று, "நம்ம மாப்பிள்ளதான் பாத்துகினாரு" என்று என் தோளில் கையை வைத்தார். ஈரத் தோள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஆனால் வார்த்தையை எடுக்க முடியுமா? மேற்றிராணியார் அதற்குள் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டார்.

எல்லோரும் நகர்ந்ததும் உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய் தவறிப் போச்சிடா" என்றார்.

மச்சான் கரையிலிருந்து, "வுடுங்க ஐயா, இந்தக் கொளத்தாண்ட வந்தா யாருக்கும் அப்படித்தான்" என்றான்.

திருவருகைக் காலம் வருவதற்குள் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்றும் மழை. தென்பக்கத்துச் சன்னலைச் சாமியாரே திறந்து வைத்திருந்தார். "இவளை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உபதேசியார் முறைத்தார். பக்கத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து, "இப்ப கத்து" என்று ஒரு குரல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குளம் பதில் சொல்லிவிட்டது. சாமியார் அதுவே போதும் என்று மோதிரத்தை மந்திரிக்க ஆரம்பித்தார்.